பெரியநாயகிக்குப் பத்து மாதம்

பெயரைச் சொன்னதும்
பிறப்புச் சான்றிதழ் கவுண்டரில்
கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார் ஒருவர்.
"இந்தக் காலத்துல பெரியநாயகியா?"
திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலில்
உன் அம்மா நேர்ந்துகொண்டது.
மூன்று கிலோகூட இல்லாத உன்மேல்
ஆறெழுத்தை ஏற்றிவைத்தோம்.
தாங்குவாளா என்று பயந்தேன்.
இப்போது பார்த்தால்
பெயர்தான் உனக்குத்
தோளில் கொஞ்சம் இறுக்குகிறது.

பார்க்க வந்தவர்கள் பங்கு பிரித்தார்கள்:
மூக்கு என் பக்கமாம்,
காது மடல் பண்ருட்டி மாமாவுடையதாம்.
பிடிவாதத்துக்கு மட்டும்
இரண்டு வீட்டாரும் உரிமை கோரவில்லை.
அந்தப் புறம்போக்கில்தான்
நீ குடிசை போட்டிருக்கிறாய்.

எளிதில் சிரிக்கமாட்டாய்.
மஞ்சக்குப்பம் ஸ்டுடியோவில்
கிலுகிலுப்பை, கரடி பொம்மை,
போட்டோகிராபரின் நாய்க்குரல்
எல்லாவற்றையும் தாசில்தார் மாதிரி பார்த்து
மனுவைத் தள்ளுபடி செய்தாய்.
வெளியே வந்ததும்
பக்கத்துக் கடை ஷட்டர் இறங்கும் சத்தத்துக்கு
அப்படி ஒரு சிரிப்பு.
படத்தில் நீ முறைக்கிறாய்.
அதைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

புயலென்றால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள்.
எங்களுக்கு உன் கீழுதடு போதும்.
லேசாகத் துருத்தினால் ஒன்று.
மோவாயில் குழி விழுந்தால் மூன்று.
சத்தமே இல்லாமல் வாய் திறந்து
மூச்சு உள்ளே போய்க்கொண்டே இருந்தால்
"பத்து!" என்று கத்துவாள் அஞ்சலாட்சி
அடுப்படியிலிருந்து.
ஆனால் கார்த்திகையில் நிஜமாகவே காற்று வந்த இரவு,
கரண்ட் போய், எதிர்வீட்டுத் தகரம் பறந்து,
தெருவே விழித்துக் கிடந்தபோது
நீ குப்புறப் படுத்து
பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு தூங்கினாய்.

தேவனாம்பட்டினத்தில்
அலைக்குப் பயப்படுவாய் என்று இறுக்கிப் பிடித்திருந்தேன்.
அலையை நீ கண்டுகொள்ளவே இல்லை.
பாதத்தில் ஒட்டிய மணலைப் பார்த்துத்தான்
அலறினாய்.

கரண்டியைக் கீழே போடுவாய்.
எடுத்துத் தந்தால் மறுபடி போடுவாய்.
விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.
நீ கரண்டியைப் பார்க்கவில்லை;
ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்தாய்.
எத்தனையாவதில் இவன் மாறுவான்
என்று பார்த்தாயோ.
ஏழில் மாறினேன்.
எனக்கே தெரிந்தது.

ஐஸ் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடிந்து
விடிய வருகிறேன்,
சட்டையில் அமோனியா, மீன், டீசல்.
நீ காலரை இழுத்துப் பிடித்து
மோந்து பார்த்து
"ம்" என்பாய்.
கேட் வாட்ச்மேன்கூட
இத்தனை கவனமாக
என் வரவைப் பதிந்ததில்லை.

இன்றைக்கு ஒரு சில்லு கொண்டுவந்தேன்
டிபன் டப்பாவில்.
முதுநகரிலிருந்து வீடு வருவதற்குள்
பாதி தண்ணீர்.
மீதியை உன் உள்ளங்கையில் வைத்தேன்.
அழுவாய் என்று துண்டோடு நின்றாள் அஞ்சலாட்சி.
அழவில்லை.
இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு,
மறுபடி இந்தக் கைக்கு.
வாய்க்குக் கொண்டுபோனபோது மட்டும் தடுத்தேன்;
அதற்கு ஒன்றாம் எண் கூண்டு.
கொஞ்சம் கொஞ்சமாக அது போய்விட்டது.
ஈரக் கையைப் புரட்டிப் பார்த்தாய்.
பாயைப் பார்த்தாய்.
பிறகு என்னை.

நான் எடுக்கல, பாப்பா.

நீ நம்பவில்லை.
மூடியிருந்த என் கையை இழுத்து
மடியில் வைத்துக்கொண்டு
கட்டைவிரலில் தொடங்கி
ஒவ்வொரு விரலாகத் திறந்தாய்.
ஒன்றுமில்லை.
கொக்கி கிழித்த தழும்பு,
தண்ணீரில் ஊறி வெளுத்த தோல்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்தாய்.

பிறகு எல்லா விரலையும்
திரும்ப
மடக்கிவைத்தாய்.